சுல்தானுக்கு வைத்த சஹர்

கொள்ளு வேகும் வாசனை வந்தால் இன்றும் நான் அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுவேன். பழைய மதுரைக்குள் இருந்த எங்கள் வீட்டின் பின்கட்டில், அலங்காநல்லூர்ப் பண்ணையார் ஒருவரின் குதிரை சுல்தானை அத்தா இரண்டு மாதமாக நெடும்பயணத்துக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். ஒரே நாளில், பிற்பகல் அசர் தொழுகை நேரத்துக்குள், அது களைக்காமல் திண்டுக்கல் போய்ச் சேர்ந்தால் பண்ணையாரின் லாயம் முழுவதும் அத்தாவின் பொறுப்பு. சேராவிட்டால் சுல்தானும் எங்களை விட்டுப் போய்விடும்.

கொள்ளை ஊறவைத்து, வேகவைத்து, ஆறவிட்டுத் தவிட்டோடு பிசைந்து அந்திக்கு வைப்பது என் அண்ணன் காசிமின் வேலை. பயண நாள் காலையிலோ இரண்டு பிடி புல்தான். "ராத்திரித் தீனிதான் ஓடும், காலைத் தீனி கல்லா உக்காரும்" என்பார் அத்தா.

அந்த நாள் ரமலானில் வந்தது. பயணத்தில் நோன்பை விடலாமே என்று அம்மா சொல்லியும் கேளாமல் அத்தா விடியுமுன் உண்ணும் சஹருக்கு உட்கார்ந்தார். "நல்லா சாப்பிடுங்க, இல்லாட்டி மத்தியானமே சுருண்டுருவீக" என்று அம்மா இன்னும் ஓர் அகப்பை சோறு வைத்தாள். எட்டு வயதுக்காரியான எனக்கு அது போதாதா? பகலெல்லாம் ஓடப்போகிற சுல்தானும் நோன்பாளிதானே, அதற்கு மட்டும் ஏன் சஹர் இல்லை? அண்ணன் ரயிலில் திண்டுக்கல் கொண்டுபோய் வேகவைத்துக் கொடுப்பதற்காக அம்மா ஊறப்போட்டிருந்த கொள்ளைப் படியால் பச்சையாகவே அள்ளி வைத்துவிட்டு, புண்ணியம் செய்த பெருமையில் தூங்கிப்போனேன்.

விடிந்து அத்தா குதிரையேறிப் போனபிறகு, காலிச் சட்டியைப் பார்த்த அண்ணன் கேட்க, நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்து வீட்டு சைக்கிளில் என்னைத் தூக்கி உட்காரவைத்து, செல்லூரைத் தாண்டித் திண்டுக்கல் சாலையில் மூச்சிரைக்க மிதித்தான். "யா அல்லா, அது படுத்துறக் கூடாது" என்று அவன் முணுமுணுத்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

பரவைச் சந்தையருகே சுல்தான் வயிறு உப்பி, வேர்த்துக் கொட்ட, முன்காலால் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. படுத்துப் புரண்டால் குடல் முறுக்கிச் செத்துவிடும் என்று அத்தா அதை இழுத்து இழுத்து நடத்தினார்.

"என்னத்தடா தின்னுச்சு?"

"ஊறுன கொள்ளு. நான்தான் வச்சேன் அத்தா" என்று அண்ணன் முந்திக்கொண்டான்.

அண்ணன் கன்னத்தில் அறை விழுந்தது. "எம்புட்டு?"

அண்ணன் பார்த்தது காலிச் சட்டியைத்தான். எவ்வளவு என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாயைத் திறந்தால் அடுத்த அறை எனக்கு.

"ரெண்டு படி அத்தா. சஹருக்கு வச்சேன்."

அத்தா என்னை உற்றுப் பார்த்தார். அடிக்கவில்லை. "நீயும் நட" என்றார்.

எண்ணெயும் ஓமத் தண்ணீரும் புகட்டி, மூவரும் மாறி மாறி நடத்தினோம். அசர் நேரம் வந்தது, போனது; நாங்கள் இன்னும் பரவையிலேயே நடந்துகொண்டிருந்தோம். சூரியன் மறைந்து மஃரிப் பாங்கு கேட்டதும் அத்தா ஒரு பேரீச்சம்பழத்தைக் கடித்து, எனக்கும் ஒன்று தந்தார். நான் அதைச் சுல்தானிடம் நீட்ட, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அது இன்னும் நோன்பு தொறக்கலம்மா."

இருட்டுகிற நேரத்தில் சுல்தான் லத்தி போட்டது; குடல் வழிவிட்டுவிட்டது. தங்கக்காசைக் கண்டவர்போல் அத்தா சிரித்தார். மறுவாரம் பண்ணையாரின் ஆட்கள் வந்து சுல்தானை ஓட்டிப்போனார்கள்.

இன்று பரவையைப் பஸ்ஸில் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடுகிறோம். அத்தா இல்லை, அறை வாங்கிய அண்ணனும் இல்லை. சஹர் நேரத்தில் பேரப்பிள்ளைகள் "போதும்" என்றால், என் கை அகப்பையோடு அப்படியே நின்றுவிடும்.