பின்னால் சுவர் இருந்த கதவு

நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள். என் கண்ணெதிரே நடந்ததை என்னால் வேறு மாதிரி எழுத முடியாது.

1991 டிசம்பர் 12, வியாழன், பின்னேரம் மூன்றே முக்கால். லண்டன் சவுத்தாலில் ஒரு பழம்பொருள் கிட்டங்கியில் காவல் ஷிப்டில் இருந்த என் கணவர் கனகலிங்கத்துக்குப் புட்டு கொண்டுபோயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவினார். வழக்கம்போல் நடந்த கடைசிக் காரியம் அதுதான்.

அங்கே புதிதாக ஒரு கதவு வந்திருந்தது. யேமன் மலையுச்சியில் உள்ள பழைய சிற்றூர் ஒன்றின் கோட்டைக் கதவு. நிலையோடு பெயர்த்து, செங்கல் சுவரில் சாத்தியிருந்தார்கள். குறுக்கே மரத் தாழ்ப்பாள். பொழுதுபட்டால் அந்த ஊரில் அதை யாருக்கும் திறப்பதில்லையாம்.

3.56. மார்கழி லண்டனில் அதற்குள் பொழுதுபட்டிருந்தது. டக்... டக்... டக்.

கதவின் மறுபக்கம். அங்கே சுவர்தானே இருந்தது?

"எலியாயிருக்கும்," என்றேன்.

"எலி விரலை மடிச்சுத் தட்டுமே? பேயெண்டாலும் ஹீத்ரோவிலை விசா காட்டித்தான் வந்திருக்கும்," என்று சிரித்தார்.

3.58. பல கைகள் தட்டின. எல்லாம் இடுப்பளவு உயரத்தில். பிள்ளைகளின் அழுகை... மொழி மட்டும் புரியவில்லை.

அவர் சிரிப்பு நின்றது.

"இஞ்சேருங்கோ, திறவாதேங்கோ."

"எண்பத்து மூண்டிலை நாங்கள் எத்தினை கதவு தட்டினனாங்கள்? மறந்துபோச்சே உமக்கு?"

மறக்கவில்லை. கொழும்புக் கலவரத்தில் ஐந்து கதவுகள் திறக்கவில்லை. ஆறாவது திறந்ததால் பிழைத்தோம்.

தாழ்ப்பாளை இழுத்தார்.

"வாங்கோ, கெதியா வாங்கோ..."

செங்கல் இல்லை. சிவந்த வானம். மலைக்காற்று.

சின்னக் கால்கள் என்னை இடித்துக்கொண்டு ஓடின. ஒருவரும் கண்ணுக்குத் தெரியவில்லை.

பிறகு... கனத்த காலடிகள்.

இரும்பு உரசியது.

அவர் வாசலில் நின்றே கதவைத் தள்ளினார். அவர் தோள் பிளந்தது. வெட்டிய வாள் கண்ணுக்குத் தெரியவில்லை. பிறகு கழுத்து...

என் முகமெல்லாம் இரத்தம்.

கதவு மூடியது.

4.01.

பொலிஸ் வந்தபோது தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. பின்னால் செங்கல் சுவர். அவர் உடம்பில் ஒன்பது வெட்டு. ஆயுதம் இல்லை. என்னைத்தான் பதினொரு நாள் விசாரித்தார்கள்.

மூன்று வருடம் தேடி, அந்தக் கதவின் ஊர்க்காரர் யஹ்யாவைக் கண்டுபிடித்தேன். ஊர்ச் சரித்திரத்தை அரபுப் புத்தகத்திலிருந்து அவர் வாசித்துச் சொன்னார். முந்நூறு வருடத்துக்கு முன், ஒரு மாலையில் படை வந்தது. வயலுக்குப் போன பிள்ளைகள் வெளியே அகப்பட்டார்கள். காவல்காரன் திறக்க மறுத்தான். அப்போது, யாரும் அறியாத மொழி பேசிய ஓர் அந்நியன் எங்கிருந்தோ வந்து திறந்தான். பதினேழு பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். அவனை வாசலிலேயே வெட்டிக் கொன்றார்கள்.

கதவு மூடியபின் அவன் உடலைக் காணவில்லை; ஊரார் வாசலருகே அவனுக்கு ஒரு கல் நட்டார்கள். பெயர் தெரியாததால் கல்லில் எதுவும் பொறிக்கவில்லை.

இன்றும் அது வெறுங்கல்தான்.