சிவப்புப் பனியனும் பச்சைப் பனியனும்

அன்று காலை ஜல்லிக்கட்டுத் திடலின் கேலரியில் நிலைகொள்ளாமல் தவித்த அன்புமொழியைப் பார்த்தவர்கள், மாடு பிடிக்க இறங்கப்போவதே அவள்தான் என்று நினைத்திருப்பார்கள்.

திருவரங்குளத்தில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்குச் செல்போன் செயலிகளைச் சோதிப்பது அவள் வேலை. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் திரை விளங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்பு ஆபத்து, பச்சை சரி என்று நிறத்தை மட்டும் நம்பி வரைந்திருந்தால், கூடவே ஒரு கோடாவது போடச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவாள். சந்தேகம் வந்தால் புருஷன் அறிவுச்செல்வனிடம் காட்டுவாள். அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். போலீஸ் தேர்வில் அதற்காகவே திருப்பி அனுப்பினார்கள். ஊரில், வேலை பிடிக்கவில்லை என்று சொல்லிவைத்திருந்தான்.

அப்பேர்ப்பட்டவனிடம், விழாக்குழுத் தலைவர் சோலையப்பன் டீக்கடையில் எல்லார் முன்னாலும் மைக் பொறுப்பைக் கொடுத்தார். சுற்றுக்கு ஒரு நிறப் பனியன். சுற்று முடிந்தவர்களை வெளியேற்ற வேண்டும். அவர்கள் மாடு பிடித்தால் பரிசு கிடையாது. மாட்டேன் என்று சொல்ல வாய் வராமல் தலையாட்டிவிட்டு வந்தான். வறட்டுக் கௌரவம், வேறென்ன!

"சொல்லித் தொலைங்களேன்" என்றாள் அன்புமொழி.

"ஊரே சிரிக்கவா?" என்றான் அவன்.

மனசு கேட்காமல் திருக்கோகர்ணத்துக்குப் பஸ் ஏறி, பனியன் அச்சடிக்கும் ஞானமணியைப் பிடித்தாள்.

"அண்ணே, செவப்புக்கு முதுகுல ஒரு பட்டை, பச்சைக்கு ரெண்டு பட்டை போட்ருங்க."

"எதுக்கும்மா?"

"பாக்க அழகா இருக்கும்ண்ணே."

முதுகுப் பட்டையை எண்ணினால் போதும் என்று புருஷனிடமும் சொல்லிவைத்தாள். சிவப்புச் சுற்று ஒழுங்காக முடிந்தது. பச்சைச் சுற்றில், பெரிய காளை ஒன்றின் திமிலைப் பிடித்தவன் அதோடு தரையில் புரண்டு எழுந்தான். முதுகெல்லாம் செம்மண் அப்பி, பட்டையே தெரியவில்லை. செல்போன் திரையில் மண் அப்புவதில்லை. அவள் அதை யோசிக்கவே இல்லை.

"அவன் போன சுத்து ஆளு! பரிசு செல்லாது!" என்று மாட்டுக்காரர் கத்தினார். பிடித்தவன் மார்தட்டினான். எல்லாரும் அறிவுச்செல்வனைப் பார்த்தார்கள். அவன் கேலரியில் அவளைத் தேடினான். இவ்வளவு தூரத்திலிருந்து அவள் என்ன செய்ய முடியும்?

மைக் கரகரத்தது.

"எனக்குப் பெறவியிலேயே செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். யாராச்சும் பாத்துச் சொல்லுங்க."

அன்புமொழி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பச்சைதாம்ப்பா" என்றார் சோலையப்பன். "பரிசைச் சொல்லிட்டு அடுத்த மாட்டை விடு."

அவ்வளவுதான். அத்தனை வருசம் பொத்திவைத்ததற்கு அவ்வளவுதான். பிறகு ஒவ்வொருவனும் "பச்சைண்ணே!" என்று கத்திக்கொண்டே மாட்டின் மேல் பாய்ந்தான். ஒரு வம்பன் மட்டும் "நீலம்ண்ணே!" என்றான்.

"அடேய், நீலம் எனக்கு நல்லாவே தெரியும்டா!" என்று மைக்கோடு அவனை விரட்டினான் அறிவுச்செல்வன்.

ஊரே சிரிக்கத்தான் செய்தது, அவனும் சேர்ந்து சிரித்தான். அன்புமொழி பக்கத்தில் இருந்தவளிடம் தண்ணீர் வாங்கி, மூச்சு விடாமல் குடித்தாள்.