நண்டுக்கு இரண்டு பெயர்

உண்ணாமலைக்கு முப்பத்தெட்டு வயதில் பிஎச்.டி. ஆசை வந்தபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. என்ன படிக்கிறாய் என்று கேட்கவும் இல்லை. கணவர் நாகராசு ஷார்ஜாவில். மகள் இனியா கோயம்புத்தூரில் விடுதியில். வாரநாட்களில் இலுப்பூர்ப் பள்ளியொன்றில் உயிரியல் எடுப்பாள். மாதத்தில் இரண்டு ஞாயிறு கோட்டைப்பட்டினம் போய், கரைக்கு வரும் நீலக்கால் நண்டுகளின் ஓட்டு அகலத்தை அளந்து எழுதுவாள். மூன்று வருடம் அப்படியே ஓடியது.

ஆய்வுக் குழுக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் முகம் சுளித்தார்.

"முந்தைய ஆய்வுன்னு பதினோரு கட்டுரைதானா? தேடிப் பாத்தீங்களா இல்லையா?"

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். சந்தா கட்டிய ஆய்விதழ்த் தளங்கள், அவள் ஆய்வுக்குப் பதிந்திருந்த கல்லூரியின் நூலகக் கணினிகளில் மட்டுமே திறக்கும். எட்டுக் கணினிகளுக்கு நடுவே அவள் ஒருத்தி. நூலகர் ஆண்டிச்சாமி ஃபேனைப் போட்டுவிட்டுத் தன் மேசைக்குப் போய்விடுவார். நண்டின் அறிவியல் பெயரைத் தட்டுவாள். அதே பதினொன்றுதான் வரும்.

ஆறாவது சனிக்கிழமை ஒரு அடிக்குறிப்பு கண்ணில் பட்டது. அந்த நண்டுக்கு முன்பு வேறு அறிவியல் பெயர், பிற்பாடுதான் மாற்றியிருக்கிறார்கள். இவள் புதுப் பெயரை மட்டுமே தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். பழைய பெயரையும் சேர்த்துத் தட்டினாள். நூற்று நாற்பது கட்டுரைகள் வந்து விழுந்தன. அவற்றில் ஒன்றைத் திறந்ததும் கை நின்றுவிட்டது. அதே கரை, அதே நண்டு, அதே அளவை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே ஒருவர் செய்து முடித்திருந்தார்.

வெளியே வந்து நாகராசுவைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, நான் செஞ்சத முன்னாடியே ஒருத்தர் செஞ்சுட்டாருங்க."

"அப்ப விட்டுரு. ஒனக்கும் அலைச்சல் மிச்சம். இரு, சூப்பர்வைசர் கூப்புடுறாரு."

லைன் துண்டானது. மதியத்துக்குக் கொண்டுவந்திருந்த எலுமிச்சைச் சாதத்தைத் திறந்து, பாதியில் மூடினாள். நாலு மணிக்குத்தான் பஸ். வேறு போக்கிடம் இல்லாமல் திரும்ப உள்ளே போய், அந்தக் கட்டுரையின் அட்டவணைகளைத் தன் நோட்டோடு வைத்துப் பார்த்தாள். அவருடைய நண்டுகளைவிட இவளுடையவை சராசரியாக ஒரு சென்டிமீட்டர் சிறியவை. மூன்று முறை சரிபார்த்தாள். அவர் அளந்திருந்ததால்தான் இவள் அளந்ததற்கு அர்த்தம் கிடைத்தது.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. நேரே ஆண்டிச்சாமியிடம் போனாள்.

"சார், நண்டு சிறுத்துப்போச்சு சார்!"

அவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "பிரிண்ட் எடுக்கணுமாம்மா?"

"ஆமா சார். பன்னெண்டு பக்கம்."

அன்றே அந்தக் கட்டுரையாளருக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினாள். முகவரி இப்போது இல்லை என்று அது திரும்பி வந்தது.

மறு வருடம் வாய்மொழித் தேர்வில் இரண்டு நண்டுக் கணக்குகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்ததும் பதினைந்து பேர் கைதட்டினார்கள். இனியா பூங்கொத்துப் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். கல்லூரியில் போர்த்திய சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இலுப்பூர் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தாள் உண்ணாமலை.