கட்டிலில் கிடந்த முதலாளி

திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு பனியன் வியாபாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, மழை பெய்து ஓய்ந்த சாலையில் வண்டி வழுக்கி விழுந்தேன். இடது தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். எழுந்து உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எங்களுடையது தாராபுரம் பக்கம் தோட்டங்காடு வைத்திருந்த குடும்பம். கிணற்றில் தண்ணீர் போன பிறகு அப்பா திருப்பூர் வந்து நாலு மெஷின் போட்டார். இன்று அது நான் நடத்தும் பனியன் தையல் யூனிட். நான் உள்ளே போனால், கடந்து போகும் மெஷின் வரிசையில் பேச்சு நின்றுவிடும். அதை மரியாதை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊரெல்லாம் காய்ச்சல் பரவியிருந்த நேரம். ஆஸ்பத்திரியில் தனி ரூம் எதுவும் காலி இல்லை. ஆபரேஷன் ஆனவர்களைச் சேர்த்துப் போடும் வார்டில், துணித் திரைகளுக்கு நடுவில் என்னையும் படுக்க வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒடிசாக்காரர் ஒருவர். துணியை அழுத்தும் மெஷினில் கை சிக்கி விரல்களை இழந்தவர். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. “ஏனுங்க, கம்பெனி ஆளுங்களோடயா நீங்க படுத்திருக்கோணும்?” என்றாள். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது.

வலி மாத்திரையால் வயிறு இறுகிப்போயிருந்தது. அது இளக மருந்து கொடுத்தார்கள். மறுநாள் காலை, பெட்பேன் வருவதற்குள் படுக்கையிலேயே போய்விட்டேன். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதன், மீசை வைத்தவன், தன் மலத்தில் அசைய முடியாமல் கிடந்தேன். நாற்றம் வார்டு முழுக்கப் போயிருக்கும். கண்ணை மூடிக்கொண்டேன்.

திரையை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. ஒரு நர்ஸ், இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், வெந்நீரோடு நின்றாள்.

“சார், சுத்தம் பண்ணிரலாம். தொடலாமா?” என்று கேட்டாள்.

அந்த நிலையில் கிடப்பவனிடம் என்ன அனுமதி வேண்டியிருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. தலையை மட்டும் அசைத்தேன். அடிபட்ட காலுக்குத் தலையணை கொடுத்து என்னைப் பக்கவாட்டில் திருப்பினாள். கழுவுகிற இடத்தைத் தவிர மற்றதெல்லாம் போர்வைக்குள் இருந்தது. முகம் சுளிக்காமல் இருந்தாளா என்று தெரியாது. நான் பார்க்கவில்லை. “அந்த மருந்து குடுத்தா எல்லாருக்கும் இப்டித்தான் ஆகும் சார்” என்று மட்டும் சொன்னாள்.

முடித்ததும் பக்கத்துக் கட்டிலுக்குப் போனாள். அங்கேயும் திரையை மூடும் சத்தம். உடைந்த இந்தியில் அதே கேள்வியைக் கேட்டாள். அவருக்கு என்னைவிட அதிக நேரம் ஆனது. எனக்கு ஒரு சின்ன எரிச்சல் வந்தது. எனக்குத் தனியாகக் கிடைத்ததாக நினைத்த ஒன்றை அவருக்கும் அப்படியே கொடுத்துவிட்டாளே என்ற எரிச்சல். சற்று முன்னால் என்னைக் கழுவிவிட்ட கையைப் பற்றித்தான் இப்படி நினைத்தேன்.

மதியம் மனைவி இருக்கும்போது அந்த நர்ஸ் மாத்திரை கொடுக்க வந்தாள். மனைவி பிரியமாகத்தான் பேச்சைத் தொடங்கினாள்.

“கண்ணுக்கு எந்த ஊருங்க?”

“விருதுநகர் பக்கம் ஆன்ட்டி. வளர்ந்ததெல்லாம் இங்கதான்.”

“அங்க எந்தப் பக்கமுங்க ஊடு? ஊருக்குள்ளயா?”

இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது.

“இல்ல ஆன்ட்டி, காலனி” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “எங்கம்மா உங்க கம்பெனிலதான் சார் செக்கிங்ல இருக்காங்க” என்றாள்.

மனைவி பிளாஸ்க்கைத் திறந்தாள். காலையில் வார்டுப் பொறுப்பிலிருந்த பெரிய நர்சுக்கு வீட்டு டம்ளரில் காப்பி கொடுத்தவள், இப்போது பையைத் துழாவி ஒரு பேப்பர் கப்பை எடுத்தாள். நர்ஸ் அதைப் பார்த்தாள். “இப்பதான் குடிச்சேன் ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என் பயமோ வேறாக இருந்தது. தைத்து வந்த பனியனில் ஓட்டை, பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் செக்கிங். அந்த மேஜையைச் சுற்றி உட்காரும் பெண்கள் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே வேலை செய்வார்கள். இந்தப் பெண் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், முதலாளி படுக்கையில் போனது மறுநாள் மேஜை முழுக்கத் தெரிந்துவிடும். அன்று சாயங்காலம் பெரிய நர்சைக் கூப்பிட்டு, எனக்கு வேறு யாரையாவது அனுப்பச் சொன்னேன்.

“அவங்க ஏதாச்சும் தப்புப் பண்ணீட்டாங்களா?” என்று கேட்டார்.

“அதெல்லாம் இல்லீங்க. வேற ஆளா இருந்தாத் தேவலை.”

அவர் கையிலிருந்த சார்ட்டை மூடினார். “என்ன விஷயம்னு நான் கேக்கலீங்க. வார்டு பாயை அனுப்பறேன். அந்தப் புள்ளைகிட்டக் காரணம் சொல்ல மாட்டேன். ஆனா அவளே புரிஞ்சுக்குவா. அவளுக்கு இது புதுசில்லீங்க.”

அவர் எதை நினைத்துச் சொல்கிறார் என்று புரிந்ததும் உடம்பு கூசியது. அது காரணமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. ஒரு பெரிய மில்லுக்காரரின் மகள் நர்சாக வந்திருந்தால் இவ்வளவு பயந்திருப்பேனா? தனக்குக் கீழே நிற்பவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்ற பயம் அது. என் மனைவியின் பேப்பர் கப்பும் இதுவும் ஒரே பையிலிருந்து வந்தவைதான்.

மறுநாள் காலை வார்டு பாய் வந்தார். முரட்டு ஆள் இல்லை, அவசரக்காரர், அவ்வளவுதான். திரையைப் பாதிதான் இழுத்தார். போர்வையை மொத்தமாக உருவினார். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலிலிருந்த ஒடிசாக்காரரின் கண்ணில் என் கண் பட்டது. அவர் உடனே, கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலியோடு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். அவர் முதுகைப் பார்த்தபடியே கிடந்தேன்.

வார்டு பாய் போனதும் பெரிய நர்சிடம், அந்தப் பெண்ணையே வரச் சொல்லுங்கள் என்று நானே கேட்டேன். சற்று நேரத்தில் அவள் வந்தாள். திரையை முழுவதும் மூடினாள்.

“தொடலாமா சார்?”

“நேத்து நான் உன்னைய... உங்களைய வேண்டாம்னது...” என்று தொடங்கினேன். ‘நீ’ போட ஆரம்பித்து ‘நீங்க’ என்று மாற்றியது எனக்கே அசிங்கமாக இருந்தது.

“பரவால்ல சார்.”

“நீங்க நெனைக்கற மாதிரி இல்லீங்க. உங்கம்மாவுக்குத் தெரிஞ்சுருமோன்னு...”

அவள் துணியைப் பிழிந்தாள். “நீங்க இங்க இருக்கீங்கன்னே அம்மாட்ட சொல்லல சார். யாரைப் பத்தியும் வீட்ல பேச மாட்டேன். அந்த அண்ணன் அழுததையும் சொல்ல மாட்டேன்” என்று பக்கத்துக் கட்டிலைக் கண்ணால் காட்டினாள். துணியை மடித்துக்கொண்டே, “அதை மொதல்லயே என்கிட்ட கேட்டிருக்கலாம் சார்” என்றாள். குரலில் கோபம் இல்லை. சோர்வு இருந்தது. பிறகு என்னைத் திருப்பினாள். கை முதல் நாள் போலவே இருந்தது.

வீட்டுக்கு வந்து, வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்த பிறகு யூனிட்டுக்குப் போனேன். செக்கிங் மேஜையில் எல்லோரும் எழுந்தார்கள். அவளுடைய அம்மாவை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். என்னிடம் பல வருடமாக வேலை செய்கிறவர்.

“கால் எப்டி இருக்குங்கய்யா?” என்று அவரே கேட்டார். “எந்த ஆஸ்பத்திரின்னு தெரியாமப் போச்சு. எம்மவ நர்சாத்தான் இருக்கா. தெரிஞ்சிருந்தா போயி கவனிச்சுக்கன்னு சொல்லிருப்பேன்.”

அப்படிங்களா என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டடி நகர்ந்தும்விட்டேன். பிறகு வாக்கரைத் திருப்பினேன்.

“உங்க பொண்ணுதாங்கம்மா என்னையப் பார்த்துக்கிட்டாங்க” என்றேன். மேஜையில் எல்லோருக்கும் கேட்டது. “படுக்கையில கெடந்தப்ப எல்லாமே அவங்கதான் செஞ்சாங்க.”

அந்த அம்மா மகிழ்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கையில் இருந்த பனியனைக் கீழே வைத்தார்.

“ஒரு வார்த்த சொல்லலையே அவ. ஏதும் கொறயா நடந்துக்கிட்டாளாய்யா?”

“இல்லீங்க. அப்படியெல்லாம் இல்லீங்க” என்றேன். இரண்டு மூன்று தடவை சொன்னேன். அவர் தலையாட்டினார், ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை. முதலாளி ஒருவன் நின்று மகளைப் பற்றிப் பேசினால் அது குறை சொல்லத்தான் என்று அவருக்குப் பழகிப்போயிருந்தது. அதைப் பழக்கியது வேறு யாரும் இல்லை.

நான் அங்கிருந்து நகரும்வரை அவர் உட்காரவில்லை.