இரணைமடுவின் தங்கச்சி

கடந்த ஐப்பசியில், வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுப் பின்வளவில் நடந்தது இது. இன்றைக்கும் யாரிடமாவது சொன்னால், "சும்மா கதை விடாதேங்கோ" என்றுதான் சிரிக்கிறார்கள். கண்ணால் பார்க்காவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

ஆம்பல் வளர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அலைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, கிணற்றடிக்கு அப்பால் ஆள் வைத்துக் குழி வெட்டி, சீமெந்து பூசி, சாண் உயரத்துக்கு விளிம்பும் கட்டுவித்தேன். இரணைமடு என்று இவ்வளவு பெரிய குளம் இருக்கிற ஊரில் இதற்கும் குளம் என்று பெயரா என்று கணவருக்கு ஒரே நக்கல். 'இரணைமடுவின் தங்கச்சி' என்று பெயரும் வைத்துவிட்டார்.

நுளம்பு பெருகாமலிருக்கக் குட்டி மீன்கள் வாங்கி விட்டேன். மறுநாள் காலை எல்லாம் செத்து மிதந்தன. புதுச் சீமெந்தின் காரம் மீனைக் கொன்றுவிடும், வாழைத்தண்டு வெட்டிப் போட்டு ஊறவைத்துத் தண்ணீரை மாற்ற வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. அதையும் செய்து மறுபடி விட்டேன். இந்த முறை மீன்கொத்தி ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. ஆம்பல் புது இலை விட்ட நேரம் தண்ணீரில் நுளம்பின் குட்டிப் புழுக்களான குடம்பிகளும் நெளியத் தொடங்கின.

பக்கத்து வீட்டு அக்காவின் மகன் முந்திய மாரியில் நுளம்பு கடித்து டெங்கு வந்து சாகக் கிடந்து பிழைத்தவன். அவர் வேலியடியில் நின்று மெதுவாகத்தான் கேட்டார்.

"தங்கச்சி, கோவிக்காதேங்கோ. இன்னொருக்கா வந்தால் என்ர பிள்ளை தாங்கமாட்டான். இதை மூடிவிடுங்கோ."

எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் ஒரு தாய் கேட்கிறபோது மறுக்க முடியவில்லை. கணவர் உழவு இயந்திரப் பெட்டியில் மண் ஏற்றி வந்து விளிம்போரம் பறித்துக் கொட்டினார். அடுத்த நாள் மூடுவதாக இருந்தோம்.

அன்று பின்னேரம் மாரியின் முதல் மழை கொட்டித் தீர்த்தது. தணிந்ததும் ஆம்பலைக் கிளப்பி வாளியில் வைக்கப் போனேன். புல்லுக்குள் ஏதோ அசைந்தது. பாம்பு என்று நினைத்து நான் போட்ட சத்தத்தில் கணவர் மண்வெட்டியோடு ஓடி வந்தார். அக்காவும் வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்துவிட்டார்.

பாம்பில்லை, மீன்கள்! பின்னால் உள்ள வயல் வாய்க்காலிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக, செவுளை விரித்து ஈர மண்ணில் ஊன்றி, வாலால் உந்தி உந்தி, எங்கள் குளத்தை நோக்கி வந்துகொண்டிருந்தன. இங்கே தண்ணீர் இருக்கிறதென்று அவற்றுக்கு யார் சொன்னது?

"பனையேறிக் கெண்டை," என்றார் கணவர். குரலில் நக்கல் துளியும் இல்லை. "சின்னனிலை கேள்விப்பட்டனான். இண்டைக்குத்தான் காணுறன்."

வந்தவற்றால் விளிம்பைத் தாண்ட முடியவில்லை. சீமெந்தில் முட்டி முட்டி விழுந்தன. ஒன்றைத் தூக்கப் போய், முள் குத்திக் கையை உதறினேன்.

"அண்ணை, இதுகள் குடம்பியைத் தின்னுமே?" என்று அக்கா கேட்டார்.

"ஓம், புழு பூச்சி ஒண்டும் விடாதுகள்."

கணவரின் கையிலிருந்த மண்வெட்டியை அக்கா வாங்கினார். குளத்தை மூட வந்த அதே மண்ணை இழுத்து, விளிம்பு வரை சரிவாக அணைத்துவிட்டார்.

"தள்ளி நில்லுங்கோ, வரட்டும்," என்றார். முதல் மீன் சரிவில் ஏறி, விளிம்பில் கொஞ்சம் இளைப்பாறி, தொபுக்கென்று தண்ணீருக்குள் விழுந்தது. மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கைதட்டினோம்.

சில நாட்களில் குடம்பிகளைக் காணவில்லை. அக்காதான் தினமும் எட்டிப் பார்த்து உறுதிப்படுத்தினார். அந்த மண் சரிவில் இப்போது புல் முளைத்துவிட்டது, நாங்கள் அதில் கை வைப்பதில்லை. ஒவ்வொரு மழைக்கும் நான் இன்னும் குடையோடு ஓடிப்போய் அதன் பக்கத்தில் நிற்கிறேன். என் சொந்த வளவுக்குள்ளேயே எனக்குத் தெரியாத இப்படியொரு பாதை இருந்ததே என்ற வியப்பு இன்னும் அடங்கவில்லை.