நாலு மூலையிலும் மஞ்சள்

ராகலைக்குப் போகும் பாதையில், பஸ் நின்று போகும் ஒரு சின்னக் கடைவீதி. அங்கே தகரக் கொட்டகை போட்டு, கோழி அறுத்துச் சுத்தம் செய்து விற்றுவந்தாள் சண்முகவடிவு. அதற்கு முன் பதினெட்டு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். ஒரு மழைநாளில் சரிவில் வழுக்கி முழங்கால் பிசகியதில் கூடை தூக்க முடியாமல் போயிற்று. தோட்டத்து லயன் வீடுகளில் யார் வீட்டு விருந்தென்றாலும் கோழி அவள் கைக்குத்தான் வரும். அதையே தொழிலாக்கிக்கொண்டாள்.

அவள் கோழிக்கு ஒரு நிறம் உண்டு. வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கியதும், அரைத்த மஞ்சளைத் தோல் முழுக்கத் தடவுவாள். பிறகு காய்ந்த தேயிலைக் குச்சிகளைக் கொளுத்தி, தீயில் திருப்பித் திருப்பி வாட்டுவாள். பூமுடி பொசுங்கி, கவிச்சி போய், கோழி பொன்னாகத் தொங்கும்.

ஐம்பத்துநாலாம் வருஷம் சுகாதாரக் கந்தோரிலிருந்து கட்டளை வந்தது. கோழி அறுத்து விற்க இனி லைசன் வேண்டும். சிமெந்துத் தரை, அழுக்குத் தண்ணீர் போகக் கான், ஈ புகாத கம்பிவலை, தகடு அடித்த மேசை எல்லாம் இருந்தால்தான் லைசன். மாதக் கடைசிக்குள் வாங்காவிட்டால் கொட்டகைக்குப் பூட்டு. கோழி விற்ற மற்ற இரண்டு பேரும் மரக்கறிக்கு மாறிவிட்டார்கள். சண்முகவடிவு மாறவில்லை. கொழுந்து அரைக்கும் ஸ்டோரில் வேலை பார்த்த அவள் புருஷன் செல்லசாமி மூன்று ஞாயிற்றுக்கிழமை சிமெந்து குழைத்தான். கானில் வாட்டம் தப்பி, ஊற்றிய தண்ணீர் அவன் காலடிக்கே திரும்பி வந்தது.

"கானு வெட்டச் சொன்னா கெணறு வெட்டி வச்சிருக்கீங்க" என்றாள். செல்லசாமி மறுபடியும் வெட்டினான்.

பரிசோதகர் கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த, வெள்ளைக்கார வம்சத்துப் பறங்கியர். இங்கிலீசும் சிங்களமும்தான், தமிழ் தெரியாது. அதனால் கந்தோர் பியோன் கஸ்பர் கூட வந்தான். மாதா கோயில் சாமியாரிடம் பழகியதில் அவனுக்குக் கொஞ்சம் இங்கிலீசு வந்திருந்தது. அதைக் காட்டத்தான் இடம் கிடைக்காமல் இருந்தது. சண்முகவடிவு சிங்களத்தில் பேச வாயெடுத்ததும், "நீங்க சும்மா இருங்க அக்கா, ஐயாவுக்கு நான் இங்கிலீசுலயே சொல்லிக்கிறேன்" என்று தடுத்துவிட்டான்.

பரிசோதகர் தரையைத் தட்டினார். கானில் தண்ணீர் ஊற்றி, அது போகிற வழியே நடந்து போய்ப் பார்த்தார். கம்பிவலையை இழுத்துப் பார்த்தார். குறை இல்லை. கடைசியாகத் தொங்கிய கோழியை விரலால் தொட்டார். விரலில் மஞ்சள் ஒட்டியது. இது என்ன என்று கேட்டார்.

"மஞ்ச பூசியிருக்குன்னு சொல்லு தம்பி."

மஞ்சள் நிறத்துக்கு இங்கிலீசில் என்ன என்று கஸ்பருக்குத் தெரியும். மஞ்சள் கிழங்குக்குத் தெரியாது. சற்று யோசித்து, "எல்லோ பெயின்ட், சேர்" என்றான்.

பரிசோதகர் முகம் மாறியது. மிச்சம் எங்கே என்று கேட்டார். தீர்ந்துபோச்சு, நாளைக்குத்தான் அரைக்கணும் என்று அவள் சொன்னாள். பெயின்ட் முடிந்துவிட்டது, நாளை புதிதாகச் செய்வாள் என்று கஸ்பர் அதை இங்கிலீசாக்கினான். அவர் எழுதிக்கொண்டே போனார்.

இரண்டு நாள் கழித்து லைசன் இல்லையென்று கடிதம் வந்தது. கொண்டுவந்தவனும் கஸ்பர்தான், வாசித்துச் சொன்னவனும் அவன்தான்.

"கோழிக்கு நீங்க பெயின்ட் அடிக்கிறீங்களாம் அக்கா."

"எவன் சொன்னான்?"

கஸ்பர் கடிதத்தை மடித்தான், விரித்தான், மறுபடி மடித்தான். "நாந்தான்" என்றான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தலை முழுகி, முகத்துக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே மஞ்சள் பூசிக்கொண்டு கந்தோருக்குப் போனாள். வாயைத் திறக்காமல் நின்றால் போதும் என்று கஸ்பரிடம் சொல்லிவைத்தாள். முந்தானையில் முடிந்திருந்த மஞ்சள் கிழங்கைப் பரிசோதகர் மேசையில் வைத்து, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "கஹ, மாத்தயா" என்றாள். மஞ்சள், ஐயா என்று அர்த்தம். சிங்களத்திலும் நிறத்துக்கும் கிழங்குக்கும் ஒரே பேர்தான். ஆனால் இப்போது கிழங்கு கண்ணெதிரே கிடந்தது. கறிக்குப் போடுவது என்றும் சேர்த்துச் சொன்னாள். அவர் எடுத்து முகர்ந்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் அவளுக்குச் சிங்களம் வரவில்லை; கஸ்பர் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பெயின்ட்டத்தான் மூஞ்சியிலயும் பூசியிருக்கேன். இதுக்கும் லைசன் எடுக்கணுமான்னு கேளு தம்பி."

கஸ்பர் ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்துச் சொன்னான். பரிசோதகரின் மீசை ஆடியது. பழைய எழுத்தைக் குறுக்கே அடித்துவிட்டு லைசனில் கையெழுத்துப் போட்டார். கொடுக்கும்போது கஸ்பரைப் பார்த்து இங்கிலீசில் என்னவோ சொன்னார். அதை மட்டும் கஸ்பர் மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு பத்து வருஷம் அந்தக் கொட்டகை நடந்தது. முதல் லைசனைக் கண்ணாடி போட்டு மாட்டுவதற்கு முன், எந்த நல்ல காகிதத்துக்கும் செய்வதுபோல் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். அடுத்த வருஷப் பரிசோதனைக்குக் கஸ்பர் பை தூக்க மட்டும் வந்தான். பரிசோதகர் மஞ்சள் மூலைகளைக் கண்ணாடியருகே குனிந்து பார்த்தார். சண்முகவடிவு கஸ்பரைப் பார்த்தாள்.

"கஹ, சேர், கஹ" என்றான் கஸ்பர், யாரும் கேட்பதற்கு முன்பே.