பஸ்ஸுக்குள் ஓடிய கார்ப் பந்தயம்

கண்டக்டர் வேலைக்கு முதலில் வாய் வேண்டும். எனக்கு அது கிடையாது, விசில் இருந்தது. ஒன்று ஊதினால் வண்டி நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும். நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி நடுவில் நின்று கத்த வேண்டியதில்லை. தோளில் தோல்பை மாட்டிப் படிக்கட்டில் காலத்தைக் கழித்த கூட்டாளிகளே, உங்களில் கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அந்தச் சின்னக் குழல் எவ்வளவு பெரிய உதவி என்று நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் வண்டி ராயக்கோட்டையிலிருந்து உத்தனப்பள்ளி வழியாக ஓசூர் போகும். எங்களுக்கு ஏழு நிமிஷம் முன்னால் ஒரு சிவப்பு வண்டி கிளம்பும். அதுவும் தனியார் வண்டிதான். ரோட்டோரம் நிற்கிறவர்களை அது வாரிக்கொண்டு போய்விடும். கம்பெனி ஆட்களைக் கம்பெனி பஸ் கூட்டிக்கொண்டு போய்விடும். மிச்சம் இருப்பவர்கள் எங்களுக்கு. ஒவ்வொரு ஸ்டாப்பிங் தாண்டியதும் தலை எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். அந்த வருஷம் எண்ணுவது ரொம்பச் சுலபமாக இருந்தது.

சித்திரையில் முதலாளி எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். “ஆடி முடியறவரைக்கும் பாக்கறேன். ஆள் ஏறலைன்னா வண்டிய பர்மிட்டோட கை மாத்தி விட்டுருவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க.” டிரைவர் முனிராஜுக்கு வயது ஐம்பது, வேறு வண்டி கிடைக்கும். எனக்கு அறுபத்தொன்று. படிப்பு ஆறாம் வகுப்பு. இந்த வண்டி போனால் என்னைக் கூப்பிட இன்னொரு வண்டி கிடையாது.

நம்ம ஆளு இல்லாத படம்

ஆள் ஏறுவதற்காக முதலாளி ஒரு டிவி வாங்கி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மாட்டினார். முதல் வாரம் தமிழ்ப் படம் போட்டோம். உத்தனப்பள்ளியில் ஏறினவர்கள் தெலுங்கு கேட்டார்கள். தெலுங்கு போட்டால், ஓசூரில் மாறி அத்திப்பள்ளி போகிறவர்கள் கன்னடம் கேட்டார்கள். கன்னடம் போட்ட அன்று ஒரு நடிகரைப் பற்றி முன் சீட்டில் ஒருவர் ஒரு வார்த்தை சொன்னார். பின் சீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் பறந்து வந்தது. அது விழுந்தது இரண்டு பேருக்கும் நடுவில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த என் மேல்.

அதன் பிறகு முதலாளியின் மைத்துனர் ஒரு பென்டிரைவ் கொண்டுவந்தார். வெள்ளைக்காரர்கள் எப்போதோ எடுத்த சிரிப்புப் படம். ஒரு கடற்கரையில் கிளம்பி, நாடு முழுக்கக் கடந்து, மறு கடற்கரைக்குப் போகிற கார்ப் பந்தயம். பேச்சு கம்மி, விழுவது அதிகம். ஒருவனுக்கு ஸ்டியரிங் கையோடு கழன்று வரும். ஒருவன் கல்யாணப் பந்தலுக்குள் காரை விட்டு, மறுபக்கம் சாப்பாட்டு மேஜையோடு வெளியே வருவான். ஒரு கார் இரண்டாகப் பிளந்து, பின் பாதி மட்டும் முந்திப் போகும். தப்பு செய்கிறவனைப் பிடிக்க மோட்டார் சைக்கிளில் ஒரு அதிகாரி துரத்திக்கொண்டே வருவான். பந்தல் காட்சி வரை பார்த்துவிட்டு முதலாளி சொன்னார்: “இதுல நம்ம ஆளு ஒருத்தனும் இல்ல. எவனும் எவனுக்காகவும் அடிச்சுக்க மாட்டான். இதையே போடு.”

ரோஜாத் தோட்டத்தில் ஏறியவர்

அந்தப் படத்துக்கு ஆள் ஏறினார்கள். அதை நான் மறைக்க மாட்டேன். பத்து நாளில் சிவப்பு வண்டியை விட்டுவிட்டு எங்களுக்காக நிற்கிறவர்களைப் பார்த்தேன். எனக்கும் முனிராஜுக்கும் நிம்மதி வந்தது. ஆனால் கோளாறு முதல் நாளே தொடங்கியிருந்தது.

உத்தனப்பள்ளி தாண்டி, ரோஜா வளர்க்கிற பாலித்தீன் கொட்டகைகள் வரும் இடம். அங்கே ஸ்டாப்பிங் கிடையாது. வண்டி சட்டென்று நின்றது. முன்னால் உட்கார்ந்திருந்த கன்னடத்து அம்மா கம்பியில் நெற்றி இடித்துக்கொண்டு, “யாக்கப்பா நில்சிதே?” என்று, ஏன் நிறுத்தினாய் என்று சத்தம் போட்டார். முனிராஜ் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். “யாருண்ணா எறங்கறது?” என்றான். யாரும் இல்லை என்றேன். “நீதானே விசில் குடுத்தே?” என்றான். நான் கடைசி சீட்டில் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தேன். விசில் பையில் இருந்தது. நிமிர்ந்து டிவியைப் பார்த்தேன். அந்த மோட்டார் சைக்கிள் அதிகாரி கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தான். முனிராஜுக்கு டிவி முதுகுக்குப் பின்னால். சத்தம் மட்டும்தான் அவனுக்கு வரும். அதுவும் ஸ்பீக்கர் அவன் தலைக்கு நேர் மேலே.

வண்டி நின்ற இடத்தில், வேலியோரம் ஒருவர் எங்களுக்கு முதுகு காட்டி ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு பஸ் முழுக்க ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதைக் கண்டதும் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து ஏறிவிட்டார். எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “எங்கியும் போகலைங்க. இத்தனை பேரு வண்டிய நிறுத்திப் பாக்கறீங்களே, வேற என்ன செய்யறதுன்னு ஏறிட்டேன்.”

முனிராஜின் கால்

படத்தில் அந்த அதிகாரி பதினேழு தடவை ஊதுகிறான். இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணினேன். பாலம் உடைந்ததும் ஒன்று, பன்றிகள் ரோட்டைக் கடக்கும்போது ஒன்று, கார் பிளந்ததும் இரண்டு, இப்படி. எது எப்போது வரும் என்று முனிராஜுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவனும் பாடம் மாதிரி கேட்டுக்கொண்டான். ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு ஊதலுக்கும் அவன் கால் பிரேக்குக்குப் போனது. மானம் போகிறதே என்று ஒருநாள், எந்த விசிலுக்கும் நிற்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். அன்று நான் ஊதிய நிஜ விசிலுக்கும் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் இரண்டு கிலோமீட்டர் தாண்டி இறங்கி, குடையால் வண்டியின் தகரத்தை ஓங்கி அடித்துவிட்டுப் போனார்.

ஓசூர் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது, இவ்வளவு சொல்லியும் ஏனப்பா இப்படி என்று கேட்டேன். கோபமே இல்லாமல் சொன்னான்: “நீ ஊதினா நிக்கணும், அவன் ஊதினா நிக்கக் கூடாது. ரெண்டும் விசில்தானேண்ணா. காலுக்குக் காது இருக்கு, கண்ணு இல்லையே!”

கொத்தமல்லிக் கட்டு

நிற்பதாவது பரவாயில்லை. கிளம்புவதுதான் பயம்.

சல்மா அக்கா ஓசூர் சந்தைக்குக் கொத்தமல்லி கொண்டுபோகிறவர். முன்வாசலில் கட்டை ஏற்றிவிட்டு, ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக இருந்தார். அந்த நேரம் பார்த்துப் படத்தில் கார் இரண்டாகப் பிளந்தது. அதிகாரி இரண்டு தடவை ஊதினான். வண்டி நகர்ந்தது. நான் பின்படியிலிருந்து குதித்து ஓடி, அக்காவின் கையை எட்டிப் பிடித்தேன். பிடித்ததால் சக்கரத்துப் பக்கம் போகவில்லை. முட்டி தேய்ந்து ரோட்டில் விழுந்தார். என் வாயில் விசில் இருந்தது. ஊதினேன். முனிராஜ் நிறுத்திவிட்டான்.

அப்போது வண்டிக்குள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். படத்திலும் ஒரு குண்டு ஆள் காரிலிருந்து உருண்டு விழுந்துகொண்டிருந்தான். ஒரு தலையும் வாசல் பக்கம் திரும்பவில்லை. நானும் முனிராஜும் அக்காவைத் தூக்கி உட்காரவைத்து, முட்டியில் தண்ணீர் ஊற்றினோம். அவர்தான் என்னைச் சமாதானம் செய்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “நான் விழுந்ததைப் பாத்துத்தான் சிரிக்கறாங்கன்னு நெனச்சேன். அப்படிக்கூட யாரும் என்னைப் பாக்கலியே அண்ணா.”

வாயைத் திறந்த நாள்

அன்றோடு விசிலைப் பையின் அடியில் போட்டுவிட்டேன். இனிமேல் வாயால்தான் சொல்வது என்று முடிவு. முனிராஜும் என் குரலைக் கேட்டால்தான் வண்டியை எடுப்பதாகச் சத்தியம் செய்தான். வேறு வழியெல்லாம் முன்பே பார்த்தாயிற்று. தகரத்தில் தட்டினோம். படத்தில் கார்கள் முட்டிக்கொள்கிற சத்தமும் அதே மாதிரி இருந்தது. கயிறு கட்டி மணி வைத்தோம். பந்தயத்தில் ஒவ்வொரு ஊர் வந்ததும் மணி அடித்தார்கள்.

வீட்டில் யாரும் இல்லாதபோது “போலாம் ரைட்” என்று சொல்லிப் பழகினேன். மறுநாள் காலையில் ராயக்கோட்டை ஸ்டாண்டில், வண்டி நிறைய ஆள் இருக்க, கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். குரல் பாதியில் உடைந்து கீச்சென்று வந்தது. காது வரை சூடு ஏறியது. இருந்தாலும் வண்டி சரியாகக் கிளம்பியது. என் வாழ்க்கையில் பொது இடத்தில் நான் இட்ட முதல் சத்தம் அது. முன் சீட்டுப் பெரியவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “யோவ் கண்டக்டரே, கத்தாதய்யா, படம் கேக்கல.”

சத்தம் இல்லாத ஒரு வாரம்

முதலாளி முழுநேரமும் தக்காளி மண்டியில் இருப்பார். அவரிடம் போய், படம் ஓடட்டும், சத்தத்தை மட்டும் நிறுத்திவிடலாம் என்று கேட்பதற்கு மூன்று நாள் தைரியம் சேர்த்தேன். கூடைகள் ஏறி இறங்குகிற இடத்தில் ஓரமாக நின்றேன். சல்மா அக்கா விழுந்ததைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. கெட்டவர் இல்லை. “சரி, நிறுத்திப் பாரு,” என்றார்.

சத்தத்தை நிறுத்தினோம். முனிராஜ் ஒரு தப்பும் செய்யவில்லை. வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நான் விசிலை மறுபடி எடுத்தேன். அந்த ஒரு வாரம் எங்கள் வண்டி மாதிரி ஒழுங்கான வண்டி அந்த ரோட்டில் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் தலை குறைந்துகொண்டே வந்தது. சிவப்பு வண்டிக்காரர்களும் டிவி மாட்டி, முழுச் சத்தத்தில் பாட்டுப் போட்டுவிட்டார்கள். ஓசூரில் ஒரு கடைக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண் தினமும் எங்கள் வண்டியில் வந்தவள். சிவப்பு வண்டியில் ஏறப் போனவளை ராயக்கோட்டை ஸ்டாண்டில் பார்த்து, என்னம்மா என்றேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “உங்க வண்டி ஊமை வண்டி ஆயிடுச்சு அங்கிள். அதுல உக்காந்தா வீட்டு நெனப்பு வந்துடுது.”

மறுநாள் சத்தத்தைத் திருப்பி வைத்தோம். விசில் பைக்குள் போனது. நான் கத்தினேன்.

முதலாளி சிரித்த நாள்

ஆடி கடைசி வெள்ளிக்கிழமை முதலாளி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். மூன்றாவது வரிசையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். கோயிலுக்குப் போகிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள் என்று அன்று வண்டி நிரம்பி வழிந்தது. உத்தனப்பள்ளி தாண்டும்போது எண்ணினேன்: எழுபத்திரண்டு. படியில் தொங்கியவர்களைச் சேர்க்கவில்லை. அவர் பார்க்கட்டும் என்று இன்னொரு தடவை சத்தமாக எண்ணினேன். கத்திக் கத்தி எனக்குக் கூச்சமும் கொஞ்சம் விட்டிருந்தது.

ஓசூருக்குள் நுழைகிற இடத்தில் வழக்கம்போல லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். முக்கால் மணி நேரம் சக்கரம் உருளவில்லை. டிவியில் கார்கள் ஆற்றைத் தாண்டிப் பறந்துகொண்டிருந்தன. முதலாளி தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். துண்டால் கண்ணைத் துடைத்தார். பக்கத்தில் இருந்தவர்களிடம், “பாருங்க, இப்ப மேஜையோட வருவான் பாருங்க,” என்று முன்கூட்டியே கதை சொன்னார். முனிராஜ் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். பிழைத்தோம் என்று இரண்டு பேரும் நினைத்தோம்.

ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கின பிறகு முதலாளி என் தோளில் கை வைத்தார். இத்தனை வருஷத்தில் அவர் என் மேல் கை வைத்தது அதுதான் முதல் தடவை. வண்டியை வாங்கியவர் என்று சிவப்பு வண்டிக்காரர் பெயரைச் சொன்னார். முனிராஜை அவர்கள் வைத்துக்கொள்வார்கள், உன்னைப் பற்றியும் பேசிப் பார்த்தேன், வயசைக் கேட்டார்கள் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆள் ஏறினால் கொடுக்க மாட்டேன் என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அத்தனை நாள் கத்திய வாய் அப்போது திறக்கவில்லை. அவரே சொன்னார்: “காலி வண்டிய எவன்யா வாங்குவான்? நீங்க ரெண்டு பேரும் ரொப்பிக் காட்டினதாலதான் இந்த வெலைக்கு எடுத்தான். காலைலதான் கையெழுத்துப் போட்டேன்.”

இப்போது நான் டிக்கெட் எடுத்துத்தான் அந்த வண்டியில் ஓசூர் போகிறேன். உட்கார ஒருநாளும் இடம் கிடைப்பதில்லை.